பாலனின் தொப்புள்

பக்கவாதம் என் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாதமாயிற்று. வலது கை இருக்கிறது. பேச்சும் இருக்கிறது, ஆனால் முன்பும் நான் அதிகம் பேசியவனல்ல.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. தேவகோட்டைப் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறன்று எங்கள் கோயிலில் என்னைப் பேசச் சொல்வார்கள். கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்பதன் பொருளை இருபத்திரண்டு வருடம் விளக்கியிருக்கிறேன்.

இந்த வருடம் ஹனிபாவிடமிருந்து என் வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஹனிபா குவைத் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர். சென்னையில் இருக்கும் என் மகன் உதயகுமார் ஏற்பாடு செய்த ஆள். அவர் வந்த ஒரு வாரமாக முகத்தையும் கைகளையும் மட்டும் துடைக்கவிட்டேன். முதுகின் கீழே புண் தொடங்கியிருந்தது. தினமும் கழுவி, புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் எலும்பு வரை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தும் வேட்டி முடிச்சை விடவில்லை.

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி காலை, வெந்நீர் வாளியோடு வந்தார்.

“சார், குவைத்துல ஒரு போலீஸ் அதிகாரிய குளிப்பாட்டியிருக்கேன். அவரு கூட இம்புட்டு அடம் புடிக்கல.”

நான் சுவரைப் பார்த்தேன்.

“பேசாம இருந்தா புண்ணு ஆறிருமா? இன்னைக்கும் வேணாம்னு சொன்னீகன்னா, உங்க மகன்கிட்ட சொல்லிட்டு நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன். புண்ணு பெருசாகுறத உக்காந்து வேடிக்கை பாக்க என்னால ஆகாது.”

பேச்சை மாற்றவே, “அலமாரியில ஒரு பெட்டி இருக்கு, எடுங்க. பத்து மணிக்குக் கோயில்லருந்து ஆள் வரும்” என்றேன்.

பெட்டியில் பாலன் இயேசு. என் பாட்டனார் காரைக்குடி ஆசாரி ஒருவரிடம் மரத்தில் செய்து வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் நாட்கள் தவிர வருடம் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருக்கும். கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலில் வைப்பதற்கு முன்னால் என் மனைவி செங்கோல்மேரி கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெய் தொட்டுத் துடைத்து, புதுப் பட்டுச் சட்டை போட்டுத் தருவாள். நான் தூக்கிப் போவேன். சித்திரையில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த வருடச் சட்டையைத் தை மாதமே தைத்து வைத்திருந்தாள்.

“நான் தொடலாமா சார்?”

“தொடலாம்.”

ஒரு கையால் பொத்தான் கழலவில்லை. ஹனிபா பிடித்துக்கொண்டார், நான் கழற்றினேன். சட்டையில்லாமல் அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் ஏறி ஏறி மரம் கருத்து மினுங்கியது. துடைத்துக்கொண்டே வந்த துணி வயிற்றில் எதிலோ தட்டியது.

ஹனிபா குனிந்தார். “தொப்புள் வச்சிருக்காக சார்.”

சற்றே புடைத்த, ஒழுங்கில்லாத ஒரு சிறு முடிச்சு.

“கொடி விழுந்து நாலு நாளான புள்ளைக்கு இப்புடித்தான் இருக்கும். என் மகளுக்கும் இருந்துச்சு.”

விரலை அங்கேயே வைத்திருந்தேன்.

“இவர நாங்க ஈசா நபின்னு சொல்லுவோம், கடவுள்னு சொல்ல மாட்டோம். அத விடுங்க” என்றார் ஹனிபா. “மரியம் அம்மா புள்ளைய குளிப்பாட்டித்தான இருப்பாக?”

“ஆமா.”

“அவரு வேட்டிய புடிச்சுக்கிட்டு அழிச்சாட்டியம் பண்ணலைல்ல?”

சிரிப்பு வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

இருபத்திரண்டு வருடமும் என் பேச்சில் இயேசு வந்தார், குணமாக்கினார், சுமந்தார். எல்லாம் அவர் செய்தது. தன் கழுத்தைத் தானே திருப்ப முடியாமல் அவர் கிடந்த மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரோ தூக்க வேண்டியிருந்தது, துடைக்க வேண்டியிருந்தது, துணி மாற்ற வேண்டியிருந்தது. மனித உடம்பை எடுப்பதென்றால் பிறர் கையில் கிடப்பதும் அதில் சேர்த்திதான். அதை அவர் இழிவென்று தள்ளவில்லை. அந்த ஆசாரிக்கு இது தெரிந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் கதவைச் சாத்திக்கொண்டவளுக்கும் தெரிந்திருக்கும். எந்த மேடையிலும் நான் இவ்வளவு உறுதியாக எதையும் நம்பியதில்லை.

சட்டையைப் போட்டுவிட்டோம். கோயில் ஆள் வந்து வாங்கிப் போனார்.

“தண்ணி ஆறிப்போச்சு” என்றார் ஹனிபா, என் முகத்தைப் பார்க்காமல்.

“சூடு பண்ணிட்டு வாங்க.”

அவர் அடுப்படிக்குப் போனதும் வேட்டி முடிச்சில் கை வைத்தேன். ஒரு கையால் அவிழ்ப்பது எளிதாக இல்லை. அவர் வாளியோடு திரும்பியபோது முடிச்சு தளர்ந்திருந்தது.

“புண்ணுலருந்து ஆரம்பிங்க” என்றேன்.