சேந்து வருதா

காகிதம் மறுபடியும் கோணலாகத்தான் கிழிந்தது. ஷெட்டின் நடுவே மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத்தாள் அது. அம்பு நேராகப் பாய்ந்திருந்தால் நடுவில் ஒரு பொட்டும் அதைச் சுற்றி இறகுகளின் மூன்று கீறலும் மட்டும் இருக்க வேண்டும். இருந்ததோ மேலிருந்து கீழாக ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அவள் வில்லை இறக்கிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் தாளைப் பார்த்தான், வில்லைப் பார்த்தான், பிறகு நிதானமாகச் சொன்னான்.

"நாண், கேபிள் எல்லாம் புதுசு. நல்லா இழுபட்டு உக்காரட்டும். ஞாயித்துக்கிழமை காலைல பாத்துக்கலாம்."

ஞாயிறு மதியம்தான் வில்வித்தை அணித் தேர்வு. காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். அதற்குத் தேறக்கூடியவர்கள் என்று பார்த்தால் இரண்டே பேர், இருவரும் காலையில் ஒரே குளியலறை வாசலில் துண்டோடு காத்து நிற்பவர்கள். ஒருத்தி இவள். மற்றவள் நாத்தனார், வீடே குட்டி என்று கூப்பிடும் அவனுடைய தங்கை. இரண்டு பேர் வில்லையும் சரிபார்ப்பவன் அவன் ஒருவன்தான். வீட்டிலேயே ஆள் வைத்திருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்கள் என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். இவளும் போன மாதம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காம்பவுண்ட் வில்லுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக முட்டை வடிவச் சக்கரங்கள். நாணை இழுக்க இழுக்க இரண்டும் சேர்ந்து சுழன்று, ஒரே சமயத்தில் அதனதன் தடுப்பில் போய் முட்ட வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் அம்பின் வால் எகிறும், தாள் கிழியும். மருந்து கேபிளின் முறுக்கில் இருக்கிறது. அரைச் சுற்று கூடினாலும் குறைந்தாலும் கதை மாறிவிடும். இதில் உள்ள சங்கடம், இழுத்துப் பிடித்து நிற்பவரால் தன் சக்கரங்களைத் தானே பார்க்க முடியாது என்பது. பக்கத்தில் நின்று இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து இவளுக்கு அவன்தான் சொல்லிவந்தான். "சேந்து வருது" என்று அவன் சொல்லிவிட்டால் இவளுக்கு மறுபேச்சு கிடையாது.

இப்போது அந்தச் சொல்லைத் தள்ளிப்போடுகிறான். ஏன்? அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் குட்டி பயிற்சி செய்தபோது இவள் சமையலறை ஜன்னல் வழியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குட்டி அம்பு விட்டதும் அண்ணனும் தங்கையும் தாளுக்கு முன்னால் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் அவன் தாளைக் கழற்றிச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். இவளுடைய கிழிந்த தாளை மட்டும் ஊர் பார்க்கட்டும் என்று சாயங்காலம் வரைக்கும் சட்டத்திலேயே விட்டுவைத்தவன், தங்கையின் தாளை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு பொட்டும் மூன்று கீறலுமாக அம்சமாக விழுந்திருக்கும், அதனால்தான் என்று முடிவு கட்டினாள். குப்பைக்கூடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. குப்பையைக் கிளறும் அளவுக்கு நான் இறங்கிப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று மட்டும் அவள் கொஞ்சம் இறங்கிப் போயிருக்கலாம்.

பெண்டாட்டி தோற்றால் வீட்டோடு கிடப்பாள், தங்கை ஜெயித்தால் பெயர் வரும் என்று கணக்குப் போட்டிருப்பான் என்று தோன்றியது. அப்படி நினைத்த கையோடு அழுகையும் வந்தது. சாப்பிடும்போது குட்டிக்கு அவன் தண்ணீர் ஊற்றியதுகூட உறுத்தியது.

சனிக்கிழமை சாயங்காலம் குட்டி முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். அவன் குளிக்கப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் இவள் ஷெட்டுக்குப் போய்க் குட்டியின் வில்லை ஆணியிலிருந்து எடுத்தாள். வில்லை அழுத்தி மடக்கும் பிரஸ்ஸில் அதைப் பொருத்திப் பிடியைச் சுற்றினாள். வில்லின் கைகள் மடங்கி, கேபிள் தளர்ந்து தொங்கியது. அதன் முனையைக் கழற்றி, அரை முறுக்கு ஏற்றி, திரும்ப மாட்டினாள். இழுத்துப் பார்க்கும் பலகை ஒன்று சுவரோரம் இருந்தது. அதில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கைப்பிடி தெரு முனைவரைக்கும் கிறீச்சிடும். தவிர, கெடுத்ததைச் சரிபார்க்கவா வேண்டும்? வில்லை ஆணியில் மாட்டிவிட்டு வந்தபோது, இத்தனை வருஷப் பழக்கத்தில் வேலை சுத்தமாக இருந்ததை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டிதான் முதலில் நின்றாள். புதுத் தாள். அம்பு போன சத்தமே வேறு மாதிரி இருந்தது. நடுவில் ஒரு பொட்டு, சுற்றி மூன்று கீறல். அச்சில் அடித்தது போல் இருந்தது.

"எப்பண்ணா சரி பண்ணுன?" குட்டி தாளுக்குப் பக்கத்தில் ஓடினாள். "முந்தாநேத்து எப்படிக் கிழிஞ்சுது, அண்ணியோடத விட மோசமா! அண்ணிகிட்ட காட்டாத, சிரிப்பாங்கன்னு நான் சொன்னதும் நீகூட சுருட்டிப் போட்டியே."

அவன் பிரஸ் பக்கம் திரும்பிப் பார்த்தான். குட்டி அவனையும் இவளையும் ஒரு தடவை கட்டிக்கொண்டு, பையை எடுத்து வைக்கிறேன் என்று உள்ளே ஓடினாள். பிரஸ் பக்கம் போகவே குட்டிக்குப் பயம். அதைத் தொடத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவனுக்குத் தான் தொடவில்லை என்று நன்றாகத் தெரியும்.

அவன் தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"எத்தனை முறுக்கு?"

தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"அரை."

"ஏத்துனியா, எறக்குனியா?"

"ஏத்துனேன்."

அவன் தலையாட்டினான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இரண்டு வில்லுக்கும் கேபிள் ஒரே நூலில் கட்டி ஒரே நாளில் மாற்றியது, ஒரே மாதிரிதான் தளர்ந்திருக்கும் என்று சுவருக்குச் சொல்வது போல் சொன்னான். அவளுடைய வில்லை வாங்கிப் பிரஸ்ஸில் வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேபிளில் வேலை செய்தான். அரை முறுக்கு ஏற்றினானா, இறக்கினானா, சும்மா தொட்டுவிட்டு விட்டானா, அவளுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்க உரிமை இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"இழு" என்று வில்லை நீட்டினான்.

அம்பு வைக்காமல் மெதுவாக இழுத்தாள். நாண் கன்னத்தில் வந்து படிந்தது. அவன் எப்போதும் நிற்கும் இடத்தில், இரண்டு சக்கரமும் தெரிகிற மாதிரி, கைகட்டி நின்றான். அம்பில்லாமல் கையை விட்டால் வில் சிதறிவிடும். எதிரே சட்டம் காலியாக இருந்தது. வெளியே குட்டி கார்க் கதவைத் திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. அவள் தோள் லேசாக நடுங்க ஆரம்பித்தது. அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.