மூன்று விரல் இடைவெளி

காலை எட்டு மணிக்கு மேஸ்திரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த மனிதர் சிரித்தால் கேட்காமல் ஏதோ உதவி செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

"பின்பக்கம் வந்து பாருங்கம்மா. நேத்து சாயந்திரம் நீங்க போனப்புறம் ஒரு வேலையை முடிச்சு வச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவருக்கும், நாங்கள் புதிதாக எழுப்பிய கண்ணாடி அறையின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மேலிருந்து கீழ்வரை அதன் வாயைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, மழமழவென்று தேய்த்தும் விட்டிருந்தார்.

"சந்து விட்டா பல்லி குடும்பம் நடத்தும்மா. அஞ்சு மாசமா கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசுக் குழு எங்களுக்கு அனுமதி கொடுத்ததே அந்த இடைவெளியை நம்பித்தான். புது அறை பழைய வீட்டின் மேல் சாயக் கூடாது, ஒட்டக் கூடாது, தன் காலில் தானே நிற்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு அதிகாரி வந்து பார்ப்பார். தவறினால் மறுபடி வர எட்டு மாதம்.

எட்டு மாதம் எனக்குப் பெரிதில்லை, அக்காவுக்குத்தான். விபத்துக்குப் பிறகு அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வீட்டின் முன்வாசலில் ஏழு கல்படிகள். அவற்றில் ஓர் ஆணி அடிக்கக்கூடக் குழு விடாது. இரண்டு முறை நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி வந்தோம். மூன்றாவது முறை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். "பொறந்த வீட்டுக்குள்ள நான் மூட்டை மாதிரி வரமாட்டேன். நானா வர்றதுக்கு ஒரு வாசல் வை, அப்புறம் கூப்பிடு." அந்த வாசலுக்காகத்தான் பின்பக்கம் இந்தக் கண்ணாடி அறையும், அதற்கு ஏறும் சரிவுப் பாதையும். மூன்று வருடமாகத் தையல் மிஷினோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். இப்போது அந்த அறையை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் எங்கள் பின்வாசல் திறக்காவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் சேர இடம் சொல்லி வைத்திருந்தாள். அங்கே மிஷின் வைக்க இடமில்லை.

இத்தனையையும் ஒரே மூச்சில் மேஸ்திரியிடம் கத்தினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இதெல்லாம் யாரும் சொல்லலையேம்மா."

உண்மைதான். ஐந்து மாதத்தில் அவரிடம் நான் கத்தியது ஏராளம், விளக்கிச் சொன்னது சொற்பம். வரைபடத்தில் கோடு இருந்தது, காரணம் இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அதையும் கத்தித்தான் சொன்னேன்.

அவர் நகத்தால் கலவையைக் கீறிப் பார்த்தார். "இன்னும் பச்சையாத்தான் இருக்கு. எடுத்துடலாம். உளி இரும்புப் பக்கமாவே போகணும். சுண்ணாம்புல பட்டா போச்சு."

அவர் ஏணியில் நின்று தட்டினார். நான் ஒரு மெல்லிய பலகையைப் பழைய சுவரோடு சேர்த்து அணையாகப் பிடித்தேன். தலை, மூக்கு, காது எல்லாம் சிமெண்ட் தூள். பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றே முக்காலுக்குக் கடைசித் துண்டு விழுந்தது.

நான்கு மணிக்கு அதிகாரி அம்மாள் வந்தார். அவர் பின்னாலேயே ஒரு வண்டியில் வந்து இறங்கி, சரிவுப் பாதையின் முனையில் நாற்காலியை நிறுத்தினாள் அக்கா.

"இன்னிக்கு ஏன் வந்தே?" என்றேன்.

"தீர்ப்பை நேர்ல கேக்கணும்ல, பட்டாசு." சின்ன வயதிலிருந்தே அவள் எனக்கு வைத்த பெயர் அது.

அதிகாரி மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு இருக்கிறதா என்று கேட்டார். "மேலேருந்து சந்துக்குள்ள விடுங்க. தரையைத் தொடணும். தொடலேன்னா எங்கேயோ ஒட்டியிருக்குன்னு அர்த்தம்."

மேஸ்திரி ஏணியேறி நூலை விட்டார். குண்டு பாதி வழிக்கு மேல் இறங்கி, இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார். நான் எம்பி எம்பிச் சந்துக்குள் தேடினேன்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றது அக்காவின் குரல்.

சக்கரத்தை உருட்டிக்கொண்டு சந்தின் வாய்க்கு நேராக வந்தாள். நாங்கள் நின்றுகொண்டு தேடிய இடம், உட்கார்ந்திருந்த அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

"ஒட்டலைங்க. ஒரு கலவைக் கட்டி குறுக்க மாட்டியிருக்கு, சுத்திலும் வெளிச்சம் தெரியுது. நீங்களே குனிஞ்சு பாருங்க."

அதிகாரி குனிந்து பார்த்துத் தலையசைத்தார். அக்கா பையிலிருந்து துணி அளக்கும் மரக்கோலை எடுத்து உள்ளே விட்டு ஒரு தட்டுத் தட்டினாள். கட்டி விழுந்தது. பின்னாலேயே குண்டு இறங்கி, தரையில் ணங்கென்று மோதியது. மேஸ்திரி ஏணி உச்சியிலிருந்து விசிலடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி டார்ச் அடித்துச் சுண்ணாம்புச் சுவரை மேலும் கீழும் ஆராய்ந்தார். "ஒரு கீறல்கூட இல்லையே," என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நான் ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். அக்கா சரிவில் ஏறத் தொடங்கினாள். மேஸ்திரி பாய்ந்து வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தார். பழக்கதோஷம்.

"கையை எடுங்க மேஸ்திரி. மூணு விரல் தள்ளியே வாங்க."

அவர் எடுத்துக்கொண்டார். அக்கா மூச்சு வாங்க, நெற்றியில் வேர்வை வழிய, தானே ஏறினாள். கண்ணாடி அறையைக் கடந்தாள், இடைவெளிமேல் போட்ட தகட்டைக் கடந்தாள், நாங்கள் இருவரும் பிறந்த அறைக்குள் போய் ஒரு முழு வட்டம் சுற்றினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

"ஏய் பட்டாசு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "அழுதது போதும். வண்டியில மிஷின் இருக்கு, நீயும் மேஸ்திரியும் எடுத்துட்டு வாங்க. இனிமே இந்த வீட்டுக்குள்ள தூக்கிட்டு வர வேண்டியது அது ஒண்ணுதான்."