சாயம் போட்ட காய்

கம்ப்யூட்டரில் ஏலக்காய் செய்கிறேன் என்று 1989-இல் சொன்னால் போடியில் சிரிப்பார்கள். பம்பாய் விளம்பரக் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. வடிவத்தை வரைந்துவிடலாம், அதற்கு மேல்தோல் போர்த்துவதற்குள்தான் உயிர் போய்விடும். நிறத்துக்கு, மினுமினுப்புக்கு, சொரசொரப்புக்கு என்று தனித்தனியாக எண் கொடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் காய் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும்.

போடி ஏலக்காய் வியாபாரி ஜக்கையனின் டிவி விளம்பரத்தை முதலாளி என்னிடம்தான் கொடுத்தார். எஸ்டேட்காரன் வீட்டுப் பிள்ளையாம் நான்! வேலைக்குச் சேர்ந்த அன்று நானே அவிழ்த்துவிட்ட புளுகு அது. குரங்கணிக்கு மேலே கூலிக்குக் காய் பறித்த குடும்பம் எங்களுடையது. நான் படிப்பதற்காக என் தங்கை சந்திரவல்லி ஏழாவதோடு பள்ளியை விட்டுக் கூடை தூக்கினாள். அவளுக்குக் கடிதம் போட்டு இரண்டு வருஷமாகியிருந்தது.

அவள் முன்பு அனுப்பிய ஒரு பொட்டலம் காய் என் மேஜையில்தான் கிடந்தது. மங்கலாக இருக்கிறதே என்று அதை ஒதுக்கிவிட்டு, பம்பாய்க் கடையில் பளபளவென்று பச்சைக் காய் வாங்கி, அதைப் பார்த்துச் செய்தேன். திரையில் வந்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டு போடிக்கு, ஜக்கையனின் குடோனுக்குப் போனேன்.

"வாங்க தம்பி. எஸ்டேட்டு எந்தப் பக்கம்?" என்றார் ஜக்கையன்.

"கேரளாப் பக்கம்ங்க, ரொம்ப உள்ள," என்றேன். வாய் கூசவில்லை.

போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்னமோ இடிக்குதே. ஏய், அந்தப் புள்ளைய வரச்சொல்லு. காய் பாக்குறதுல அவள மிஞ்ச ஆளில்ல."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். சந்திரவல்லி! மலையை விட்டு இறங்கிவிட்டாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் வாய் 'அண்ணே' என்று திறந்தது. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடிக்காக என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். போட்டோவை வாங்கினாள். பழக்க தோஷத்தில் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, காயின் மேல் தேய்த்துப் பார்த்தாள். குடோனில் சாயம் போட்ட காயை அப்படித்தான் பிடிப்பார்கள்.

"இது சாயக்காய்ங்க மொதலாளி," என்றாள்.

"போட்டோம்மா அது," என்று ஜக்கையன் சிரித்தார்.

"இருக்கட்டும்ங்க. இத எதப் பாத்துச் செஞ்சாகளோ, அது சாயக்காய். நல்ல காயின்னா காம்படி வெளுத்திருக்கும். காய வச்சு, காம்பு உதிர கம்பி வலையில போட்டுத் தேய்ச்ச தடம் மேட்டுல தெரியும். இது மேடு பள்ளமெல்லாம் ஒரே பச்சையா இருக்கு. இம்புட்டு மினுக்கும் கெடையாது." என்னைப் பார்த்தாள். "நல்ல காய் பாத்ததில்லயா சார்? வீட்டுல யாரும் குடுத்தனுப்பலயா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனாலும் பேனாவை எடுத்து அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன். காம்படி வெளுப்பு, மேட்டில் தடம், மினுக்கு பாதி.

"எஸ்டேட்டுப் புள்ளைக்கே பாடமா!" என்று ஜக்கையன் அவளைக் கேலி செய்தார். "சரி தம்பி, இவ சொன்ன மாதிரி மாத்திக் கொண்டாங்க. விளம்பரம் உங்களுக்குத்தான்."

இவள் என் கூடப் பிறந்தவள் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நன்றி மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்வரை தெருமுனையில் காத்து நின்றேன். தூக்குச்சட்டியோடு தனியாக வந்தாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"வல்லி," என்றேன். "அண்ணன் தெரியாம..."

அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். யாருமில்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

"சொல்லுங்க சார்," என்றாள்.