ஹிபாக்குக்கு ஒரு பாத்திஹா

எல்லையில் வந்திறங்கியபோது ஹிபாக் தன்னை ஊர் பார்க்க வந்தவள் என்றே சொல்லிக்கொண்டாள். இந்தக் கடலோரச் சைலாதான் தன் சொந்த ஊர் என்று மூச்சுவிடவில்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து வருகிறவளை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்ற பயம்தான். ஒருவரும் இல்லையென்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம்.

வழிகாட்டி லிபான் வாயாடி. இடிந்த பவளக்கல் வீடுகளுக்கு நடுவே நடந்துகொண்டே சுல்தான், துருக்கிக்காரன், வெள்ளைக்காரன் என்று எல்லாரையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு ஒரு சுவரின் முன் நின்றான்.

சுவரில் இரண்டு மாடங்கள். இடது மாடத்தில்தான் அம்மா சாம்பிராணித் தட்டு வைப்பாள். புகைக்கறை இன்னும் போகவில்லை. ஹிபாக் அதை விரலால் தொட்டாள்.

"இந்த வீட்டுப் பொண்ணு கதையக் கேளுங்க அத்தை," என்றான் லிபான். "போர் வந்தப்போ குடும்பத்தோட படகு ஏறிடுச்சு. படகு கவுந்துபோச்சு. ஒருத்தரும் மிஞ்சலை. ரொம்ப அடக்கமான பொண்ணாம்."

"அடக்கமா? யாரு சொன்னா?"

"எங்கம்மா ஷுக்ரிதான். ரெண்டு பேரும் உசிருக்கு உசிரு. இன்னிக்கும் வெள்ளிக்கிழமை தவறாம செத்துப்போன அதுக்காக பாத்திஹா ஓதி, நாலு பேருக்கு லஹோஹ் அப்பம் சுட்டுக் குடுக்கும்."

 அன்று படகோட்டி இடமில்லையென்று ஹிபாக் குடும்பத்தை இறக்கிவிட்டிருந்தான். நடந்தே பக்கத்து நாடான ஜிபூட்டியின் எல்லையைத் தாண்டினார்கள். ஷுக்ரி குண்டுவீச்சில் போய்விட்டாள் என்று அங்கே யாரோ சொல்ல, இவளும் அழுது தீர்த்திருந்தாள்.

"உங்கம்மாவைப் பாக்கணும்."

"பாக்கலாம். ஆனா பேச ஆரம்பிச்சா விடாது, சொல்லிட்டேன்."

தகரக் கொட்டகையில் ஷுக்ரி சட்டியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். பருத்திருந்தாள், முன்பல் இரண்டு இல்லை. நிமிர்ந்து பார்த்தவளின் கரண்டி அப்படியே நின்றது.

"என்னை அடக்கமான பொண்ணுன்னு யாருடி உன்னைப் புளுகச் சொன்னா?" என்றாள் ஹிபாக். "சின்னதுல நான் உன் கையைக் கடிச்சதை ஏன் மறைச்ச?"

சட்டியில் அப்பம் கருகியது. லிபான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"செத்தவளைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதேன்னுதான்," என்றாள் ஷுக்ரி. குரல் உடைந்தது. "படுபாவி, எத்தனை வெள்ளிக்கிழமை ஓதியிருப்பேன் உனக்கு. இனிமே வெள்ளிக்கிழமை நான் என்னடி பண்ணுவேன்?"

ஹிபாக் அவள் வலது கையை இழுத்து மணிக்கட்டுக்கு மேலே தடவித் தேடினாள். நாலு பல் பட்ட தழும்பு இருந்தது. அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.