மேற்கு மூலையின் இரும்புக்குண்டு

"போன வாரம் பூங்காவுல சண்டை போட்டுச் சட்டையக் கிழிச்சுக்கிட்டு வந்தாரு. இன்னிக்கு மண்டைய ஒடைச்சுக்கிட்டு வந்து நிப்பாரு. முழுசாக் கொண்டாந்து வுடுறேன்னு நீங்க சொன்னாத்தான் அனுப்புவேன், அண்ணே" என்று வாசற்கதவை மறித்து நின்றாள் ஷரீபுன்னிசா.

"நான் இருக்கேன்ல, தங்கச்சி. முழுசாக் கொண்டாந்து வுடுறேன்" என்றார் சிவநாதன்.

"இவன் கூட இருக்கறதுதான் எனக்குப் பயமே" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார் அவள் கணவர் நெய்னா முகம்மது.

இருவரும் பூங்காவை நோக்கி நடந்தார்கள். அந்தப் பூங்கா எந்தத் தலைமுறையிலும் ஒரே பயனுக்கென்று நிலைத்ததில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது அங்கே சிப்பாய்கள் அணிவகுத்தனர்; தவறிழைத்தவனை வேப்பமரத்தில் கட்டிவைத்து அடித்ததும் அங்கேதான் என்பார்கள். அவர்கள் கப்பலேறிய பின் கட்சிக் கூட்டங்கள் நடந்தன. கூட்டம் முடிந்ததும் கல்லெறி நடந்தது. ஆழிப்பேரலை வந்த ஆண்டில் அதன் புல்தரையில் உடல்களை வரிசையாகக் கிடத்தினார்கள். தம்பியைத் தேடி நெய்னா ஒவ்வொரு முகத்துணியாக விலக்கியபோது உடன் குனிந்தவர் சிவநாதன். பிறகு ஊஞ்சலும் சறுக்குமரமும் வந்தன. சறுக்குமரம் துருப்பிடித்ததும் அதனடியில் குடிகாரர்கள் படுத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே, மேற்கு மூலைச் செம்மண் தரை மட்டும் குண்டு ஆட்டத்துக்கென்று மிஞ்சியிருந்தது. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர்கள் விட்டுச்சென்ற ஆட்டம் அது. சிறிய மரக்குண்டொன்றை முன்னே போட்டு, கனத்த இரும்புக்குண்டுகளை அதனருகே வீச வேண்டும். எதிராளியின் குண்டு நெருங்கிக் கிடந்தால் அதை அடித்துத் தெறிக்கவிட வேண்டும். அப்படி அடிப்பவர் சிவநாதன். அவர் கண்ணில் புரை விழுந்த பிறகு, அந்தக் கண்ணுக்கு ஈடாக நெய்னா நின்றார். சிவநாதன் முழங்காலை மடித்துக் கையைப் பின்னுக்கு வாங்கியதுமே, நெய்னா ஓடிப்போய் இலக்கின் பக்கத்தில் விரலை நீட்டி, "இங்க, சிவா" என்பார். குண்டு புறப்படும் நொடியில் விலகிக்கொள்வார். அந்தக் குரலை நோக்கி எறிந்தால் குறி தப்பியதே இல்லை.

அன்று மூலையில் பொக்லைன் இயந்திரம் நின்றது. வண்டி நிறுத்துமிடம் அமைக்க அந்தப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஜெயபிரகாஷ், வேலி நடுவதற்குச் சவுக்குக் கழிகளையும் ஆட்கள் இருவரையும் வேனில் கொண்டுவந்திருந்தான்.

"கோலி ஆடுற வயசா பெரியவரே இது? வூட்ல பேரப்புள்ளையோட ஆடுங்க" என்றான் அவன்.

"ஒன் மாமனாரு சீதனமாக் குடுத்த எடமாடா இது? மிசினு உள்ள வரணும்னா என் மேல ஏத்திக்கிட்டு வா!" என்று எகிறினார் நெய்னா.

"ஏத்திட்டாப் போச்சு."

நெய்னா பாய்ந்து அவன் சட்டையைப் பற்றினார். கணப்பொழுதில் ஆள் ஒருவன் வீசிய கழி அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த ஓசை சிவநாதனுக்குத் தெளிவாகக் கேட்டது. தடுக்கச் சென்ற அவர் வாயில் இன்னொருவனின் முழங்கை மோதியது. பல்லோடு இரத்தத்தைத் துப்பினார். கீழே விழுந்த நெய்னாவின் விலாவில் ஜெயபிரகாஷ் உதைத்தான். மீண்டும் உதைத்தான். பின் கழி ஒன்றைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஓங்கினான்.

முழுசாகக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோமே என்ற எண்ணம் ஒன்றே சிவநாதனின் மனத்தில் இருந்தது. தோளில் தொங்கிய பையிலிருந்து இரும்புக்குண்டை எடுத்தார். அந்தி வெளிச்சத்தில் ஜெயபிரகாஷ் ஒரு கரிய நிழலாகத்தான் தெரிந்தான். அவன் முழங்காலை உடைத்தால் போதும் என்று தீர்மானித்தார். காலை மடித்துக் கையைப் பின்னுக்கு வாங்கினார்.

அந்த நிலையை நெய்னாவும் கண்டார். அதற்குள் உருண்டு விலகித் தப்பும் தொலைவுக்கு வந்திருந்த அவர், அங்கேயே கிடந்திருக்கலாம். ஆனால் எத்தனையோ ஆண்டுப் பழக்கம் உடம்பை இழுத்தது. எழ வலுவின்றித் தவழ்ந்தே திரும்பிச் சென்று, ஜெயபிரகாஷின் முழங்காலருகே கையை நீட்டினார்.

"இங்க, சிவா!"

குரலை நோக்கிக் குண்டு பறந்தது. ஜெயபிரகாஷ் துள்ளி விலகினான். நெய்னாவுக்கு விலக வலுவில்லை. அவருடைய நெற்றிப்பொட்டில் குண்டு மோதிச் செம்மண்ணில் விழுந்து உருண்டது.

சிவநாதன் ஓடிவந்து அவர் தலையை மடியில் ஏந்தினார். விரல்களின் இடையே சூடாக இரத்தம் வழிந்தது.

"பட்டுச்சா?" என்றார் நெய்னா.

"பட்டுச்சு, நெய்னா."

நெய்னாவின் நீட்டிய கை மண்ணில் சரிந்தது.

கழியைப் போட்டுவிட்டு ஜெயபிரகாஷ், "வேன உள்ள கொண்டாங்கடா!" என்று அலறினான். அவனே நெய்னாவின் கால்களைப் பிடித்துத் தூக்கினான். ஆட்டத் தரையை உழுதுகொண்டு வேன் புறப்பட்டது. மருத்துவமனை வாயிலை அடையுமுன் மூச்சு அடங்கிவிட்டது.

செய்தி அவர்களுக்கு முன்னரே ஊருக்குள் போயிருந்தது. வாயிலில் இரத்தம் தோய்ந்த சட்டையுடன் இறங்கிய ஜெயபிரகாஷைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவன் மூக்கு உடைந்தது. கீழே தள்ளி முகத்தை மிதித்தார்கள். ஷரீபுன்னிசா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் தலைமயிரைக் கொத்தாகப் பற்றினாள்.

"எங்க வூட்டு மனுசர எதுக்குடா கொன்ன?"

அவன் வாய் நிறைய இரத்தம், பேச முடியவில்லை. சுவரோரம் நின்ற சிவநாதனை ஒருமுறை பார்த்தான். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தால் போதும், பழி முழுவதும் அவனைச் சேரும். கல்லொன்றை ஒருவன் தூக்கி வருவதையும் சிவநாதன் கண்டார்.

"அவன வுடுங்க" என்றபடி முன்னே வந்தார். "கழியால அடிச்சது இவனுங்கதான். உசுரு போனது என் குண்டால, தங்கச்சி. இவன் மேல எறிஞ்சேன். அவரு குறி காட்ட வந்துட்டாரு."

கல்லைத் தூக்கியவன் அப்படியே நின்றான். ஷரீபுன்னிசாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. எழுந்து வந்தவள், கையை ஓங்கிச் சிவநாதனின் உடைந்த வாயிலேயே அறைந்தாள். அவர் நகரவில்லை. மறுபடி அறைந்தாள்.

"சிவா குறி தப்பவே தப்பாதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, அண்ணே!" என்று கதறியவள், மூன்றாம் முறை ஓங்கிய கையால் தன் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டாள்.