ஒரே கேசட்டில் நைனா

“மாப்ள ஊட்டுக்காரங்கல்லாம் அப்டியே இந்தப் பக்கம் வாங்க!”

தோளில் வீடியோ காமிராவும் கண்ணில் தூக்கமுமாக நின்ற முனியன், முந்தின நாள் கல்யாண வீட்டு வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் எதிரே இருப்பது மணமேடை இல்லை, பிரகாசத்தின் சவப்பெட்டி என்பது உறைத்தது. 

முதலில் சிரித்தது அம்மாதான், பிரகாசத்தின் மனைவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. அழுகிறாள் என்று தாங்கிப் பிடிக்கப் போன மகள் ரோஸிக்கும் தொற்றிக்கொண்டது. பிரகாசத்தோடு ஒரே பேக்டரியில் வேலை பார்த்த வேம்புலி பெட்டிப் பக்கம் குனிந்து, “கேட்டுக்கினியா மச்சான்? மாப்ள நீதானாம். மாலைய ஒழுங்காப் போட்டுக்க,” என்றார். அவ்வளவுதான், வாசல் பந்தல் வரைக்கும் சிரிப்பு ஓடியது.

சாவு வீட்டில் இப்படியும் சிரிப்பார்களா என்று கேட்காதீர்கள், பிரகாசம் வீட்டில் சிரிப்பார்கள். எழுபதைத் தாண்டிய மனிதர், ராத்திரி ரெண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, வேம்புலியோடு வம்பளந்துவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. அம்பத்தூரில் அவர் போகாத சாவு வீடு கிடையாது. போன இடத்திலெல்லாம் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவார்.

அவருடைய அக்கா ஞானசௌந்தரி மட்டும் சிரிக்கவில்லை. மாங்காட்டிலிருந்து அடித்துப் பிடித்து வந்தவள். “இன்னாடி கூத்து இது? இத்தையும் அந்தக் காமிரா புட்சிகினுதான கீது? அழிடா மொதல்ல!”

ரோஸி முனியனைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனாள். விடிந்ததுமே தோஹாவிலிருந்து அண்ணன் ஜேசுராஜ் பக்கத்து வீட்டு போனில் பேசியிருந்தான். “லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க ரோஸி. நைனா மூஞ்சிய நல்லாப் பாக்கணும். கிட்ட வெச்சி எடுக்கச் சொல்லு.” அண்ணன் தங்கியிருக்கும் அதே தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் ஜேம்ஸ் லீவு முடிந்து இன்றைக்கு விமானம் ஏறுகிறான். சாயங்காலம் வந்து கேசட்டை வாங்கிக்கொள்வான்.

“புது கேசட்டு எத்தினி கீது?”

“காமிராவுல கீற இது ஒண்ணுதாங்க்கா. மீதியெல்லாம் கல்யாணத்துல பூட்சி. ஞாயித்துக்கெழம, கடையும் தொறக்கல.” முனியன் காமிராவிலிருந்த ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினான். “இத்த எஸ்.பி.ல வெச்சா மூணு மணி நேரந்தான் ஓடும், ஆனா படம் பளிச்சினு இருக்கும். எல்.பி.ல வெச்சா டேப்பு மெதுவா ஓடும், ஆறு மணி நேரம் புடிக்கலாம். படந்தான் கொஞ்சம் மாவு கரைச்சா மாரி இருக்கும்.”

பின்னாலேயே வந்த அத்தை ஞானசௌந்தரி முடிவே சொல்லிவிட்டாள். “ஆறு மணிலயே போடு. ஜெபம், பாட்டு, அடக்கம், ஒண்ணு வுடாத. வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஜேசுகிட்ட ரெண்டு வார்த்த பேசட்டும். யார் வந்தா, யார் வர்லன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?”

அத்தை சொன்னதிலும் தப்பில்லை. அந்தக் குடும்பத்தில் சாவுக்கு வராதது குற்றம். வந்தும் வந்தது தெரியாமல் போவது தீராத வருத்தம். அதற்குள் கூடத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தர் தலை வாரினார். ஒருத்தி பவுடர் எங்கே என்று கேட்டாள்.

“ரெண்டு மாரியும் கொஞ்சம் புட்சிக் காட்டு,” என்றாள் ரோஸி.

முனியன் அப்படியே எடுத்து, டி.வி.யில் வயரைச் சொருகினான். சவப்பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொத்தக் கூடமும் டி.வி. முன்னால் உட்கார்ந்தது. முதலில் எல்.பி. மீசையும் உதடும் ஒன்றாகக் குழைந்து, யாரோ ஒருத்தர் படுத்திருந்தார். தலைமாட்டில் வெளுப்பாக ஓர் உருவம்.

“அது யாருடி, பூசணிக்கா மாரி?”

“நீதான் அத்தே.”

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பூசணிக்காய் அப்படியேதான் இருந்தது.

அடுத்து எஸ்.பி. காலையிலிருந்து பாய் விரிக்கவும் தண்ணீர் கொடுக்கவுமாக ஓடிக்கொண்டிருந்த ரோஸி, நைனாவின் முகத்தை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். உதட்டின் இடது ஓரத்தில் அந்தச் சின்ன மடிப்பு. ஒரு கேலியைச் சொல்லிவிட்டு, கேட்டவருக்குப் புரியட்டும் என்று காத்திருக்கும்போது விழுகிற மடிப்பு. சாவு அதைத் தொடவே இல்லை.

“இதுலயே எடு,” என்றாள். “யாரும் பேச வாணாம். ஒவ்வொருத்தரா வந்து நைனா பக்கத்துல நின்னுட்டுப் போங்க. அண்ணனுக்கு எல்லாரையும் தெரியும்.”

அத்தை விடவில்லை. “செரி, அப்ப அந்தச் சிரிப்ப அழி. எடமும் மிச்சம், மானமும் மிச்சம்.”

முனியன் ரிவைண்ட் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு ரோஸியைப் பார்த்தான்.

அண்ணன் இதை எங்கே உட்கார்ந்து பார்ப்பான்? அடுக்குக் கட்டில்கள் போட்ட அறையில், வேலை முடிந்து வந்து, அழுக்குச் சட்டையைக்கூட மாற்றாமல். தோளைத் தொட ஒருத்தர் பக்கத்தில் இருப்பாரோ, மாட்டாரோ.

“இருக்கட்டும் அத்தே. அங்க அண்ணன் ஒண்டியா கீது. நாம சிரிச்சாத்தான் அதுவும் சிரிக்கும்.”

“ஊரே சிரிக்கும்டி!”

அம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “அவுரு இருந்தா அத்தத்தான் அண்ணி மொதல்ல போட்டுக் காட்டுவாரு.”

அத்தை புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு தம்பியின் தலைமாட்டில் போய் நின்றாள். “இன்னாடா பாத்துகினு கீற? என்னிய மொதல்ல எடு. இங்கதான் வெளிச்சம் நல்லா கீது.” சொல்லிக்கொண்டே தம்பியின் மாலையை நேராக்கினாள். முனியன் காமிராவைத் தூக்கினான்.

கல்லறையில் போதகர் ஜெபம் முடித்ததும், ஜேசுராஜ் பேரைச் சொல்லி வேம்புலி முதல் பிடி மண் போட்டார். அதோடு கேசட்டும் தீர்ந்தது. “முடிஞ்சிட்சிக்கா,” என்று முனியன் பயந்து பயந்து சொன்னான். “போதும்,” என்றாள் ரோஸி.

வீடு திரும்பும்போது ஜேம்ஸ் வாசலில் டாக்ஸியோடு நின்றிருந்தான்.

“காப்பி எடுக்கணும்னா இன்னொரு மூணு மணி நேரம் ஓடணும்க்கா. பிளைட்டு பூடும்,” என்றான் முனியன்.

“ஒரிஜினலயே குட்த்துடு.”

“அப்ப உங்களுக்கு?”

“நாங்க நேர்லயே பாத்துட்டோமே.”

ஜேம்ஸ் கேசட்டைத் திருப்பிப் பார்த்தான். “கேம்ப்ல ஒரு கேசட்ட வுட்டு வெக்க மாட்டானுங்க ரோஸி. எவனாவது இதும்மேலயே படத்த ஏத்திடுவான்.”

முனியன் கேசட்டின் முதுகில் ஓரமாக இருந்த பிளாஸ்டிக் பல்லைத் தொட்டுக் காட்டினான். “இத்த ஒடச்சிட்டா அப்பால எவனாலயும் இதும்மேல பதிய முடியாதுக்கா.”

ரோஸி உள்ளே போய் ஒரு ஸ்பூனை எடுத்து வந்தாள். காம்பைக் கொடுத்து நெம்பினாள். டக்கென்று வந்துவிட்டது. ஜேம்ஸ் கேசட்டைச் சட்டைத் துணிகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியைப் பூட்டினான். டாக்ஸி தெரு முனை திரும்பியது.

“கையில இன்னாடி?” என்றாள் அம்மா.

ரோஸி உள்ளங்கையை விரித்தாள். நகத்தளவு கறுப்புத் துண்டு. அம்மா அதை எடுத்து, விரலால் உருட்டிப் பார்த்து, முந்தானை நுனியில் வைத்து முடிந்தாள். பிறகு முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.