காற்றுக்கு மாதம் ஐந்நூறு

காற்றுக்கு என் அண்ணன் போட்ட விலை மாதம் ஐந்நூறு.

அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரித்தபோது தெருப்பக்கம் அவனுக்கும் பின்பக்கம் எனக்கும் வந்தது. அவன் பக்கம் நுழையும் காற்று நடுச்சுவரின் ஜன்னலைக் கடந்து, என் அறை வழியாகக் கொல்லைக்குப் போகும். அதை நான் ஓசியில் அனுபவிப்பது அந்த மகானுக்குப் பொறுக்கவில்லை.

"பணத்தைக் குடு. இல்ல, அடைச்சிடுவேன்."

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தும்விட்டான். என் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தூக்கமே இல்லாமல் அழுதது. கொடுத்துத் தொலைக்கலாமா என்று நான் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தபோது, அண்ணனே வியர்வையில் குளித்து வந்து நின்றான். வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழையாது. அது அவனைவிட விவரமானது. இரண்டு மின்விசிறி வாங்கி, அதே புழுக்கத்தைச் சுற்றவிட்டுப் பார்த்திருக்கிறான்.

"இடிச்சிடலாம்டா. உன் பக்கம் திறந்திருந்தாத்தான் என் பக்கம் காத்து வருது."

என் மனைவி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "இடிங்க மாமா. ஆனா உங்க காத்து எங்க ரூம் வழியா போறதுக்கு வாடகை மாசம் ஐந்நூறு."

"அநியாயம்! முன்னூறு வச்சுக்கம்மா." பேரம் பேசாவிட்டால் அவனுக்கு மூச்சு முட்டும்.

"சரி, வர்ற காத்துக்கும் அதே முன்னூறு" என்றாள்.

அன்றே சுவர் திறந்தது; குழந்தை தூங்கியது. வரும் காற்றுக்கு நாங்கள் தரவேண்டியது முன்னூறு, போகும் காற்றுக்கு அவன் தரவேண்டியது முன்னூறு, கணக்கு நேர். அடைத்த கூலி, இடித்த கூலி, செங்கல், சிமென்ட், இரண்டு மின்விசிறி, எல்லாம் அண்ணன் பற்று.